ஒரு மணி நேரம் சும்மா இரு

1

முதுகு வலிக்கிறது. பெல்ட் போடும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே, எலும்பை ஒட்டி. கையை வைத்து அழுத்தினால் கொஞ்சம் தேவலாம். எடுத்தால் திரும்ப வருகிறது.

எட்டு வருடம் கிரானைட் குவாரியில் ட்ரில் பிடித்தவன் நான். அப்போது தோள் வலித்தது, மணிக்கட்டு வலித்தது, காதுக்குள் இரைச்சல் இருந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும். இன்ன பாறை, இன்ன நாள் என்று சொல்லலாம். இந்த வலி வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்ததில் வந்தது. வைகாசியில் வந்தது, புரட்டாசி ஆகியும் போகவில்லை. உட்கார்ந்தாலும் உடம்பு தேயும் என்பது எனக்கு நாற்பத்தொரு வயதில்தான் தெரிந்தது.

இந்தக் கதை அந்த நாற்காலியில் ஆரம்பித்தது. அதை மறைத்து வேறு ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று இரண்டு முறை முயன்றேன். இரண்டையும் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "பாலக்கோட்டுக்கு மேற்கே, மல்பெரித் தோட்டங்களுக்கு நடுவே, பனி விலகும் வேளையில் அந்த மோட்டார் கொட்டகை மெல்ல—"

(வைகாசியில் ஏது பனி. அதுவுமில்லாமல் கொட்டகை மெல்ல எதையும் செய்யாது. நாலு சுவர், மேலே தகரம், ஒரு பூட்டு.)

இரண்டாவது தொடக்கம்: "மாதவராஜ் லேப்டாப்பைத் திறந்தான். அவன் கண்களில் ஒரு—"

(ஒரு மண்ணும் இல்லை. தூசி இருந்திருக்கும்.)

ஆனாலும் மாதவராஜ் என்ற பெயரை வைத்துக்கொள்கிறேன். கதைக்கு ஒருவன் வேண்டும். அவன் ஓசூரில் மின்சாரப் பேனல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்கிறான். விடியற்காலையில் ராயக்கோட்டை வழி பஸ்ஸைப் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து வருவான். மனைவி பெயர் காவேரி. ஒன்றே கால் ஏக்கர் மல்பெரி, ஒரு பட்டுப்புழுக் கொட்டகை. தண்ணீருக்கு, பக்கத்துத் தோட்டக்காரரான குள்ளம்மாளோடு கூட்டாக ஒரு ஆழ்துளைக் கிணறு.

குள்ளம்மாளைப் பற்றித்தான் கதை. மாதவராஜ் அதற்கு வழி மட்டும்தான். அப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.

2

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே எதுவும் புரியாது.

மும்முனைக் கரண்ட் பகலில் ஒன்பது மணிக்கு வரும், மூன்று மணிக்குப் போகும். மோட்டாரைப் போட்டால் நாற்பது நிமிடம் தண்ணீர் வரும். பிறகு காற்று வரும். அப்போது நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி ஒரு மணி நேரம் விட்டால் கிணறு ஊறும். திரும்பப் போடலாம். நிறுத்தாமல் விட்டால் மோட்டார் வெறுமனே சுற்றிச் சூடேறி, உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக் காயில் கருகிவிடும். கழற்றி மேலே இழுத்து, காயில் கட்டி, திரும்ப இறக்க எட்டு நாள் ஆகும்.

ஆகவே யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். காது கொடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரம்.

ஒரு நாள் எங்கள் முறை, ஒரு நாள் குள்ளம்மாள் முறை. (மேலே "எங்கள்" என்று வந்துவிட்டது. மாதவராஜ் குடும்பத்தின் முறை என்று படித்துக்கொள்ளவும்.) ஆனால் இரண்டு முறைக்கும் உட்கார்ந்தது குள்ளம்மாள்தான். அவர் தோட்டம் கொட்டகையை ஒட்டி இருக்கிறது, இவர்களுடையது ரோட்டுக்கு அந்தப் பக்கம். புங்க மரத்தடியில் ஒரு உடைந்த கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து வருடமாக.

இரண்டு வீட்டுக்கும் நடுவே மாத்தாள் முறை உண்டு, வேலைக்கு வேலை. அவர் ஒரு நாள் இங்கே இலை பறித்தால் காவேரி ஒரு நாள் அங்கே போய்ப் பறிப்பாள். களை வெட்டினால் களை. மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு போடுவார்கள், வேலை திரும்ப வந்ததும் அதன்மேல் ஒரு குறுக்குக் கோடு. ஐந்து வருடத்தில் அந்தச் சுவரில் சண்டை வந்ததில்லை.

உட்கார்ந்ததற்கு மட்டும் கோடு போட்டதில்லை.

ஒரு தரம் குள்ளம்மாள் கேட்டிருக்கிறார், சிரித்துக்கொண்டேதான். "ஏம்மா காவேரி, நான் பொழுதுக்கும் இங்க குந்தினு இருக்கறனே, இதுக்கு ஒரு கோடு இல்லயா?"

அதற்குப் பதில் சொன்னது மாதவராஜ்.

"சும்மாதானங்க்கா குந்தினு இருக்கறீங்க?"

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

3

மாதவராஜ் ஏன் மோட்டாரைத் தானே போட்டு நிறுத்துகிற, கடையில் விற்கிற தானியங்கிப் பெட்டியை வாங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். வாங்கினான். எங்கள் பக்கத்துக் கரண்ட் ஏறி இறங்குவதில் அது இரண்டு முறை புகைந்தது. தானே ஒன்று செய்ய இறங்கியதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம், தன்னால் முடியும் என்று காட்டிக்கொள்ள ஆசை. குவாரியில் இருந்து வந்தவனுக்கு அந்த ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்.

கம்பெனியில் பார்த்த மாதிரியே ஒரு சின்ன போர்டு வாங்கினான். சுண்டு விரல் நீளம். அதன் நடுவில் கறுப்பாக ஒரு சிப். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பில் நிரல் எழுதும் எடிட்டரைத் திறந்து, காலியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்கு "தண்ணி" என்று பெயர் வைத்தான்.

இதை எழுதும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போனில் ஒன்றைத் தொட்டால் ஒன்று நடக்கிறது. நடுவில் ஆயிரம் பேர் எழுதிவைத்த அடுக்குகள் இருக்கின்றன. இந்தச் சிப்பில் ஒன்றும் கிடையாது. வெறும் தரை. கரண்ட் வந்ததும் அதற்கு முதலில் எங்கே பார்ப்பது என்பதைக்கூட நாம்தான் ஏற்பாடு செய்துவைக்க வேண்டும். அதற்காக நான்கு கோப்புகள். ஒன்று, செய்ய வேண்டிய வேலை. இரண்டு, கண் விழித்ததும் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்ற குறிப்பு. மூன்று, நினைவகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற வரைபடம். எட்டு போட்டு ஆறு சைபர் போட்டால் இந்த இடம், இரண்டு போட்டு ஏழு சைபர் போட்டால் அந்த இடம் என்று, நிலம் அளந்து கல் நடுகிற மாதிரி. நான்கு, இவை மூன்றையும் கம்பைலர் எந்த வரிசையில் சேர்த்துச் சிப்புக்குப் புரிகிற எண்ணாக மாற்ற வேண்டும் என்ற பட்டியல்.*

*(இரண்டாவது கோப்பை மாதவராஜ் சொந்தமாக எழுதவில்லை. யாரோ இணையத்தில் போட்டிருந்ததை எடுத்து ஒட்டினான். மூன்றாவதிலும் பாதி அப்படித்தான். அவனை மேதையாகக் காட்டும் ஒரு பத்தி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன்.)

காலை முழுக்க எடிட்டர் ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் சிவப்பாக நெளிகோடு போட்டது. கோப்பு இருக்கிற இடம் எடிட்டருக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தான். அடுத்த கோடு. சொல்லிக்கொடுத்தான். காவேரி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து லேப்டாப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இன்னும் செவப்பாவே இருக்குது, டாக்டர்கிட்ட காட்டுனா தேவல" என்று சொல்லிப் போனாள்.

மூன்று மணிக்குப் பட்டனைத் தட்டினான். போர்டில் இருந்த சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், குவாரியில் ஆறு அடிப் பாறை நினைத்த கோட்டில் பிளந்தபோதுகூட அந்தச் சந்தோஷம் வந்ததில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கும் வளையத்தைப் பொருத்தினான். காற்று வந்தால் அந்தக் கரண்ட் குறையும்; குறைந்தால் நிறுத்து என்று எழுதினான். நிறுத்திய பிறகு?

ஒரு மணி நேரம் சும்மா இரு.

அதை எப்படிச் சொல்வது? தெரிந்த வழி ஒன்றுதான். ஒன்றில் இருந்து எண்ணு. எண்ணுவதைத் தவிர வேறெதையும் செய்யாதே. இத்தனை லட்சம் வந்ததும் நிறுத்து. அதையே இத்தனை முறை திரும்பச் செய். உள்ளே எதுவும் இல்லாத வெறும் சுற்று. போட்ட கணத்திலேயே அளந்தால் கரண்ட் இல்லை, காற்று என்றுதான் காட்டும்; அதனால் அதே மாதிரி, மோட்டாரைப் போட்டதும் பத்து விநாடி பொறுத்து அளக்கவும் ஒரு சுற்று வைத்தான். மேசைமேல் விளக்கை வைத்துச் சோதித்துப் பார்த்தான். பத்து விநாடி பத்து விநாடியாகவும், ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவும் இருந்தன.

4

இங்கேதான் மாதவராஜோடு எனக்குத் தகராறு.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் பட்டியல் கோப்பைத் திறந்து ஒரே ஒரு எழுத்தை மாற்றுகிறான். சைபர் இருந்த இடத்தில் இரண்டு. சோதனைக்குத்தான் சைபர், முடிந்த சரக்குக்கு இரண்டு போட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தான். இரண்டு என்றால் கம்பைலர் தன் புத்தியைப் பயன்படுத்தும். தேவையில்லாததைக் கழித்துவிட்டு, வேலையை வேகமாக முடிக்கும்.

தட்டினான். தப்பு ஒன்றும் இல்லை என்று வந்தது. சிவப்பு இல்லை. அளவு பாதியாகக் குறைந்திருந்தது. மகிழ்ந்து போனான். திரும்பச் சோதித்துப் பார்க்கவில்லை. போர்டைப் பெட்டியில் போட்டு, கொட்டகையில் பழைய ஸ்டார்ட்டரோடு இணைத்தான். ஏதாவது ஆனால் கையால் போட்டுக்கொள்ள ஒரு திருப்புச் சுவிட்சும் வைத்தான். அந்தப் புத்தி மட்டும் இருந்தது.

"நாளையில இருந்து நீங்க குந்த வேணாங்க்கா" என்று குள்ளம்மாளிடம் சொன்னான்.

எனக்குத் தகராறு என்னவென்றால், மாதவராஜ் என்று எழுதினால் அந்த இரண்டைப் போட்டது அவன் என்று ஆகிவிடுகிறது. சோதிக்காமல் விட்டது அவன். "சும்மாதானங்க்கா" என்று கேட்டதும் அவன். எனக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

மாதவராஜ் என்பது என் சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பெயர். ஊரில் என்னை மாது என்பார்கள். இனி "நான்" என்றே எழுதுகிறேன்.

5

மறுநாள் திங்கட்கிழமை. குள்ளம்மாள் ஒகேனக்கல் போவதாக இருந்தார்.

இதன் அருமை பட்டுப்புழு வளர்க்காதவர்களுக்குத் தெரியாது. புழு இருக்கிற வீட்டில் ஆள் வெளியூர் போக முடியாது. நாளுக்கு மூன்று வேளை இலை போட வேண்டும். தோலுரிக்கும்போது மட்டும் புழு தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் தூங்கும், ஒரு நாள் போலத் தின்னாது. நாலாவது தோலுரிப்பு முடிந்து எழுந்தால் அசுரப் பசி. அதற்கு முந்திய அந்த ஒரு தூக்க நாள்தான் அவருக்கு விடுமுறை. அந்த நாளும் மகளிர் குழு வேன் வைத்த நாளும் ஒன்றாக அமைந்தது அவர் வாழ்க்கையில் முதல் தடவை. தினமும் ஒகேனக்கல் பஸ்ஸைப் பார்த்திருக்கிறார். ஐம்பத்து நாலு வயதாகியும் பரிசலில் ஏறியதில்லை.

அன்று அவர் முறை. பெட்டியே மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பித்தான் கிளம்பினார். ஊதாப் பட்டுப் புடவை, தலையில் கனகாம்பரம். வேன் ஒன்பது மணிக்கு ரோட்டில் வந்து நின்றது. நான் அப்போது ஓசூரில் இருந்தேன். ஆகவே இனி வருவது காவேரி சொன்னது.

வேனில் ஏறப் போனவர், "கரண்டு வர்ற நேரம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்" என்று கொட்டகைப் பக்கம் திரும்பினாராம். கரண்ட் வந்தது. பெட்டிக்குள் டக டக டக என்று சத்தம். ஸ்டார்ட்டர் ஒட்டுகிறது, விடுகிறது, ஒட்டுகிறது, விடுகிறது. கீழே கிணற்றுக்குள் மோட்டார் உறுமுகிறது, விக்குகிறது. குள்ளம்மாள் ஓடிப்போய் மெயினை இழுத்துவிட்டார்.

வேனில் இருந்து குழுத்தலைவி சோபனா கத்தினாள். "யக்கா! புழுவத் தூங்க வெச்சிட்டு வந்து இப்ப மோட்ருக்குத் தாலாட்டா?"

"இருடி. பேய் புடிச்சாப்ல அடிச்சிக்குது இது."

"மெயின எறக்கிட்டீல்ல, வுட்டுட்டு வா!"

"வுட்டுட்டு வந்தா தோட்டத்துக்குத் தண்ணி? நாளைக்குப் புழு எந்திரிச்சி வாயத் தொறந்தா உன்னத்தான் போடணும்."

"காவேரியப் பாக்கச் சொல்லுக்கா."

அப்போது காவேரி புழுக் கொட்டகையில் இருந்து ஓடி வந்திருந்தாள். எங்கள் புழு வேறு நாள் வைத்தது, பசியோடு விழித்திருந்தது. காலை இலையே இன்னும் பாதிப் படுக்கைக்குப் போடவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் குள்ளம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ போ, உன் புழுவப் பாரு. அது கத்தாது, செத்துத்தான் போவும்."

பிறகு வேனைப் பார்த்து, "போங்கடி. எம் மீனுத் துண்ட அந்தச் சோபனாவுக்கே குடுங்க. முள்ளு தொண்டையில சிக்கட்டும்" என்றார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். சோபனாவும் சிரித்தாள். வேன் போய்விட்டது.

பெட்டியை விட்டுக் கையால் போடுகிற பக்கம் சுவிட்சைத் திருப்பி, மெயினை ஏற்றினார். பச்சைப் பொத்தானை அமுக்கினார். மோட்டார் ஓடியது. நாற்பது நிமிடம், பிறகு ஒரு மணி நேரம், பிறகு நாற்பது நிமிடம். ஊதாப் பட்டுப் புடவையோடு புங்க மரத்தடிக் கல்லில் மூன்று மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

6

சாயங்காலம் வந்து பார்த்தேன். தப்பு தெரிய அரை மணி நேரம் ஆனது.

அந்த இரண்டுதான். தேவையில்லாததைக் கழிக்கச் சொல்லியிருந்தேன் அல்லவா. கம்பைலர் என் சுற்றைப் பார்த்திருக்கிறது. எண்ணுகிறான், எண்ணி எதையும் செய்யவில்லை, எண்ணிக்கையை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. ஆக இது வேலை இல்லை. தூக்கிப் போட்டுவிட்டது. பத்து விநாடியும் இல்லை, ஒரு மணி நேரமும் இல்லை. போடு, நிறுத்து, போடு, நிறுத்து. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே அடித்திருந்தால் மோட்டார் போயிருக்கும். எட்டு நாள் தண்ணீர் இருந்திருக்காது. எழுந்த புழு வாடின இலையைத் தின்று கூடு கட்டாமல் போயிருக்கும்.

(இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம். ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது. காத்திருப்பதை வேலை இல்லை என்று தள்ளிய கம்பைலர், காத்திருந்தவரை அப்படியே தள்ளிய நான். வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால், ஜோடித்திருக்கிறான் என்று சொல்லியிருப்பேன். குள்ளம்மாளைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன், கதை சமமாகட்டும் என்று. ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை: "குள்ளம்மாள் வேண்டுமென்றே ஒயரைப் பிடுங்கி—" பிடுங்கவில்லை. என்ன செய்ய.)

குள்ளம்மாள் வீட்டுக்குப் போனேன். புடவை மாற்றியிருந்தார். கனகாம்பரம் மட்டும் அப்படியே வாடித் தலையில் இருந்தது. புழுத் தட்டுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்பா மாது, உன் பொட்டிக்குப் பொறுமையே இல்லயேப்பா."

"ஒரு மணி நேரம் சும்மா இருன்னுதாங்க்கா எழுதி வெச்சேன்."

"அது கேக்கலயா?"

"சும்மா இருக்கறது வேல இல்லன்னு, அந்த வரியவே எடுத்துப் போட்டுடுச்சிங்க."

குள்ளம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். தட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப உன்ன மாதிரியேதான் இருக்குது."

"காவேரிய ரெண்டு நாள் எல பறிக்க அனுப்பறங்க்கா" என்றேன்.

"எல பறிச்சதுக்குத்தான் எல. குந்துனதுக்குக் குந்தணும்."

"சரிங்க, காவேரி வந்து—"

"காவேரி எதுக்கு? நீ வா. ஒம்போதுல இருந்து மூணு மட்டும். அந்தக் கல்லு மேல. போன வூட்ல வெச்சிட்டு வரணும், சொல்லிட்டேன்."

"அஞ்சு வருசத்துக்கு எத்தன நாளுங்க?"

"பழசெல்லாம் யாரு கேட்டா? இந்த ஒரு நாளு. பரிசலு தவறிப் போன நாளு. அது போதும்."

மறுநாள் காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் பார்த்தேன். கொட்டகைச் சுவரில் புதிதாக ஒரு கரிக்கோடு. மற்றக் கோடுகளில் இருந்து தள்ளி, தனியாக.

7

கதையை முடிக்க வேண்டும். மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் நிரலைத் திருத்தினேன். எண்ணும் சுற்றில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், "இதில் கை வைக்காதே" என்று அர்த்தம், கம்பைலர் விட்டுவிடும். பிறகு அதுவும் வேண்டாம் என்று, சிப்புக்குள்ளேயே இருக்கும் கடிகாரத்தைப் பயன்படுத்தினேன். மேசைமேல் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்த பிறகே பெட்டியில் போட்டேன். நான்கு மாதமாக ஒரு தடவைகூடத் தவறவில்லை. குள்ளம்மாளின் அந்தப் புழு நன்றாகவே கூடு கட்டியது. புங்க மரத்தடியில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

இது உண்மை. ஆனால் முடிவு இல்லை. இதோடு நிறுத்தினால் கதை பெட்டியைப் பற்றியதாகிவிடும்.

முடிவு இரண்டு. "புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மாது லீவு போட்டான். போனை வீட்டில் வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தான். கிணறு ஊறும் சத்தம் அவனுக்கு முதல் முறையாக—"

இதை நான் நடு வரியில் விட்டதற்குக் காரணம், இது நடக்கவில்லை. எழுதிவிட்டால் படிப்பவர்கள், பரவாயில்லை, திருந்திவிட்டான் என்று போய்விடுவீர்கள். நானும் போய்விடுவேன்.

முடிவு மூன்று. இதை ஒரு வரிகூட எழுதவில்லை. அதில் குள்ளம்மாள் பரிசலில் போகிறார்.

நீங்கள் வேண்டுமானால் முடிவை எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு தூக்க நாளில் வேன் வைத்து அவரை ஒகேனக்கல் கூட்டிக்கொண்டு போங்கள், சோபனா தொண்டையில் முள்ளைச் சிக்கவையுங்கள், எதுவானாலும் சரி. என்னை மட்டும் அந்தக் கல்லில் உட்கார வைத்துவிடாதீர்கள். அது நான் செய்ய வேண்டியது.

ஏன் இன்னும் செய்யவில்லை என்றால், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவந்தேன். நிஜம் அதுவல்ல. ஆடியில் இரண்டு நாள் லீவு இருந்தது. பெட்டிதான் பார்த்துக்கொள்கிறதே, மழை வேறு பெய்துவிட்டதே, நான் போய் உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. எண்ணுகிறான், எண்ணி எதையும் செய்யவில்லை, ஆக இது வேலை இல்லை. பட்டியலில் அந்த இரண்டை நான் சைபராக மாற்றிவிட்டேன். என்னிடத்தில் அது இன்னும் இரண்டாகவே இருக்கிறது.

போன வாரம் ரோட்டில் பார்த்தபோது இதையே வாய்விட்டுச் சொன்னேன். "இப்பதான் யாருமே குந்த வேண்டியதில்லயேங்க்கா."

"வேண்டியதுக்கா உன்னக் குந்தச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, இலைக்கட்டைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதையை எழுத ஒன்பது நாள் உட்கார்ந்தேன். முதுகு வலி கூடியிருக்கிறது. அது கணக்கில் வராது. கொட்டகைச் சுவரில் அந்தக் கோடு குறுக்குக்கோடு இல்லாமல் அப்படியே இருக்கிறது.

குள்ளம்மாளுக்கு நான் ஒரு நாள் பாக்கி. ஒன்பது மணியில் இருந்து மூன்று மணி வரைக்கும், அந்தக் கல்லின்மேல், போன் இல்லாமல்.